வாணிகமும் வாய்ச்சொல்லும்

வியாபாரம் என்றவுடன் முதலில் நம் நினைவுக்கு வருவது பணம். கையில் முதல் இல்லாதவன் வியாபாரத்தில் இறங்கலாகாது என்பதும், முதல் மிகுந்தவன் எதனையும் விற்றுவிடலாம் என்பதும் உலகத்தாரின் பொதுவான எண்ணம். அடுத்தபடியாக விளம்பரத்தைக் கூறுவார்கள். இவ்விரண்டினும் வேறான முதல் ஒன்று உண்டு. அஃது ஏட்டில் பதியப்பெறாதது. பாங்கியில் இட்டு வைக்க இயலாதது. ஒருவனுக்கே உரியதாயினும் எப்பொழுதும் பிறர் வாயிலேயே குடியிருப்பது. ஒருவர் தம் சிநேகிதரைப் பார்த்து, "இன்னாரிடம் போங்கள், நான் அனுப்பியதாகச் சொல்லுங்கள்" என்கிறாரே, அந்தச் சொல்லையே நாம் குறிப்பிடுகிறோம். அச்சொல் எங்ஙனம் பிறக்கிறது, எதனால் நிலைக்கிறது, எவ்விடத்தில் கெடுகிறது என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

சென்னை மத்திய நிலையத்திலிருந்து அரக்கோணம் செல்லும் இருப்புப்பாதையில், அம்பத்தூரையும் திருமுல்லைவாயிலையும் கடந்து ஆவடிக்கு முன்பாக அமைந்திருப்பது அண்ணனூர். மின்சார ரயில்களை நிறுத்திப் பராமரிக்கும் பணிமனை அங்கே இருப்பதால், அந்நிலையத்தில் ஒரு நாளும் இறங்கியறியாதவர்க்கும் அதன் பெயர் பழக்கமானது. ஊரின் இருபுறமும் பெருந்தொழில்கள். கிழக்கே அம்பத்தூர்த் தொழிற்பேட்டை. மேற்கே, 1965ஆம் ஆண்டில் முதல் விஜயந்தா டாங்கியை வெளியிட்ட ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலை. இடையே கிடக்கும் அண்ணனூரோ பெரும்பாலும் வீடுகளின் ஊர். இத்தொழிற்சாலைகளிலும் ரயில்வேயிலும் உழைத்துச் சேர்த்த பணத்தில் மனை வாங்கி, சிறுகச் சிறுக வீடு கட்டிக்கொண்டவர்கள் அங்கே பலர். நாம் கூறவந்த பொருளை விளக்குவதற்கு அந்த வீடுகளே போதும்.

அண்ணனூரில் வீடு கட்டப்புகும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். மனை வாங்கியாயிற்று, பாங்கிக் கடனும் கிடைத்தாயிற்று, இனி வேண்டுவது நல்ல மேஸ்திரி ஒருவர். இதற்காக அவர் பத்திரிகையைப் புரட்டுவதில்லை. இரண்டு வீடு தள்ளிக் குடியிருப்பவரிடம் சென்று, "உங்கள் வீட்டை யார் சார் கட்டினார்கள்?" என்று கேட்கிறார். கேட்கப்பட்டவர் உடனே விடை கூறிவிடுவதில்லை, சற்று யோசிக்கிறார். அந்தச் சிறு யோசனையிலேதான் நம் விஷயம் முழுவதும் அடங்கியிருக்கிறது. ஏனெனில், ஒரு பெயரைக் கூறிய மாத்திரத்தில் அந்த மேஸ்திரியின் வேலைக்குத் தாமும் ஒருவாறு பொறுப்பாளியாகிவிடுவதை அவர் அறிவார். ஐப்பசி மழையில் புதுவீட்டு மொட்டைமாடி ஒழுகுமாயின், நாள்தோறும் தெருவில் எதிர்ப்படும் அயலார், "நீங்கள் சொன்ன ஆள்தானே!" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். மேஸ்திரி அதற்குள் வேறு ஊரில் வேறு வீடு கட்டிக்கொண்டிருப்பார். தலைகுனிந்து நிற்பவர் பெயர் சொன்னவரே.

ஆதலின் பரிந்துரை என்பதைப் புகழ்ச்சி என்று கொள்வது பிழை. புகழ்ச்சிக்குச் செலவு இல்லை. பரிந்துரைப்பவரோ தம் பெயரை மற்றொருவருக்காக அடகு வைக்கிறார். அடகு வைத்ததை மீட்கவேண்டியது பரிந்துரைக்கப்பட்டவனுடைய உழைப்பு. இந்த உண்மையை மறந்து, 'வாடிக்கைக்காரர் நம்மைப் பற்றி நாலு பேரிடம் சொல்வதில்லையே' என்று குறைப்படும் வியாபாரிகள் பலர். அவர்கள் கேட்கவேண்டிய கேள்வி வேறு. 'நம்மை நம்பித் தம் பெயரை அடகு வைப்பதற்கு அவருக்கு நாம் என்ன துணிவைக் கொடுத்திருக்கிறோம்?' என்பதே அது.

நம் கல்லூரி மாணவர்க்கு இதற்கு நல்லதோர் உதாரணம் வேதாகமத்திலேயே உண்டு. பவுல் அடிகள் சிறையிலிருந்து பிலேமோன் என்பவருக்கு எழுதிய நிருபம் ஒரே அதிகாரமுடைய மிகச் சிறிய கடிதம். பிலேமோனை விட்டுப் பிரிந்து சென்ற ஒநேசிமு என்னும் அடிமையைத் திரும்ப அனுப்புகையில் எழுதப்பட்டது அது. அதனைப் பரிந்துரைக் கடிதம் என்னும் கண்கொண்டு படித்தால் இரண்டு செய்திகள் புலப்படும். முதலாவது, பவுல் ஒநேசிமுவின் பழைய குறையை மறைக்கவில்லை. முன்பு அவன் உமக்குப் பயன்படாதவனாயிருந்தான் என்று ஒளியாமல் எழுதுகிறார். இரண்டாவது, அவன் உமக்கு ஏதேனும் கடன்பட்டிருந்தால் அதனை என் கணக்கில் வையும் என்று கூறி, அதைத் தம் கையாலேயே எழுதி உறுதிப்படுத்துகிறார். இக்காலத்தில் உத்தியோகத்தின் பொருட்டு நாம் வாங்கிச் செல்லும் நற்சான்றுப் பத்திரங்களோ குறைகளை ஒளிக்கின்றன, கடனையும் ஏற்பதில்லை. அவற்றை எவரும் பொருட்படுத்தாமைக்கு வேறு காரணம் தேடவேண்டுவதில்லை.

இனி அண்ணனூர்த் தெருவை விட்டு, இரண்டு நிலையம் கிழக்கே அம்பத்தூருக்குச் செல்வோம். 1964ஆம் ஆண்டில் சென்னை அரசாங்கத்தார் அங்கே ஏற்படுத்திய தொழிற்பேட்டை ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட பரப்புடையது. சிறுதொழில்களுக்கென்று அமைந்த பேட்டைகளில் மிகப் பெரியவற்றுள் ஒன்றாகக் கருதப்படுவது. அதன் உட்தெருக்களில் நடந்து செல்வோர்க்கு ஒரு வியப்பு உண்டாகும். லேத்து ஓடும் ஓசை கேட்கிறது. எண்ணெயும் இரும்புத் தூளும் கலந்த வாசனை மூக்கில் ஏறுகிறது. ஆனால் பல பட்டறைகளின் வாயிலில், இங்கே என்ன செய்யப்படுகிறது என்று வழிப்போக்கர் அறியத்தக்க பலகை இராது. அவர்கள் வழிப்போக்கரிடம் விற்பவர்கள் அல்லர். பெரிய கம்பெனி ஒன்றுக்கு வேண்டிய ஆயிரம் உறுப்புகளில் ஒன்றை, ஒரு புதருகையோ திருகாணியோ வளையமோ, வரைபடத்தில் கண்டபடி கடைந்து கொடுப்பதே அவர்கள் தொழில். அதற்கு ஜாப் ஒர்க் என்று பெயர். வேலை கொடுப்பவர் ஐவரோ பதின்மரோ. அந்தப் பதின்மருக்குள் ஒருவர் மற்றவரிடம் சொல்லும் வார்த்தையே பட்டறையின் வாழ்வும் தாழ்வும்.

அவ்வேலை கைக்கு வரும் முறையைச் சற்று விரித்துக் கூறுதல் தகும். முதலில் வரைபடம் வருகிறது. விலை பேசி, மாதிரிக்கு இரண்டொன்று கடைந்து கொடுக்க வேண்டும். கம்பெனியார் அதனை மைக்ரோமீட்டர் வைத்து அளக்கிறார்கள். மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு ஏறினாலும் குறைந்தாலும் தள்ளிவிடுகிற உறுப்புகளும் உண்டு. மாதிரி தேறினால் சிறிய ஆர்டர். அது தேறினால் பெரியது. இங்ஙனம் இரண்டொரு வருஷம் தவறாமல் கொடுத்து வருகையில், வாங்கும் இலாகாவில் உள்ளவர் ஒருநாள் வேறு கம்பெனிக்கு மாறிச் செல்வார். சென்ற இடத்தில், "இந்த உறுப்புக்கு யாரை நம்பலாம்?" என்ற கேள்வி எழும். அப்பொழுது அவர் வாயில் வரும் பெயரே அந்தப் பட்டறைக்காரர் இரண்டு வருஷமாய்ச் சேர்த்த சேமிப்பு. பட்டறைக்காரர் அதற்காக அவரிடம் கெஞ்சவில்லை. தீபாவளிக்கு இனிப்புப் பெட்டி அனுப்பியதால் வந்ததும் அன்று. (இனிப்புப் பெட்டி அனுப்புவோர் இல்லாமல் இல்லை. அதை உண்டவர்கள் அனுப்பியவரின் பெயரை நினைவில் வைத்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை.)

நல்ல வேலை மாத்திரம் பரிந்துரையைக் கொண்டுவந்துவிடுமா? விடாது என்பதே நம் கருத்து. நல்ல வேலைக்குத்தான் பணம் கொடுத்தாயிற்றே. கணக்கு அங்கே தீர்ந்துவிட்டது. பழுது நேர்ந்த பின்னரே ஒருவனுடைய உண்மை தெரியவரும். இருநூறு உறுப்புகளில் பதினேழு அளவு தவறிப் போய்விட்டன என்று வைத்துக்கொள்வோம். கம்பெனியார் கண்டுபிடிக்குமுன் தானே தொலைபேசியில் கூப்பிட்டு, "சார், இந்த மூட்டையைப் பிரிக்க வேண்டாம்; நானே வந்து பொறுக்கி எடுத்துக்கொள்கிறேன்" என்கிறவன் ஒருவன். கண்டுபிடித்தபின், "உங்கள் கேஜ்தான் தவறு" என்று வாதாடுகிறவன் மற்றொருவன். பதினேழு உறுப்புகளின் நஷ்டம் இருவருக்கும் சமமே. முன்னவனுக்கு அந்த நஷ்டம் முதலாக மாறிவிடுகிறது. மொட்டைமாடி ஒழுகியபோது கூப்பிட்ட குரலுக்கு வந்து நின்ற மேஸ்திரியைத்தான் அண்ணனூர்க்காரர் அயலாருக்குக் கைகாட்டுகிறார். ஒருகாலும் ஒழுகாத வீட்டைக் கட்டியவரைப் பற்றி அவருக்கு நினைவே இராது.

வாங்குபவரைப் பற்றியும் இவ்வாறே விசாரணை நடக்கிறது என்பதைப் பலர் அறியார். "நல்ல கம்பெனிதான், ஆனால் பணம் ஆறு மாதம் இழுக்கும்" என்ற வார்த்தை பேட்டைத் தெருக்களில் வெகு விரைவாய்ப் பரவும். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் சட்டம், சிறுதொழிலாளர்க்குத் தரவேண்டிய தொகையை 45 நாளுக்குமேல் கடத்தலாகாது என்றும், கடத்தினால் ரிசர்வ் பாங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி தரவேண்டும் என்றும் விதிக்கிறது. ஆயினும் தன்னிடம் வேலை வாங்கும் பெரியவர்மீது வழக்காடிவிட்டு அடுத்த ஆர்டரையும் எதிர்பார்க்கச் சிறியவனால் ஆகுமோ? சட்டம் கைகொடுக்காத இடத்தில் அவனுக்குள்ள ஒரே காவல், முன்னதாக ஒரு நண்பன் காதில் ஓதிய எச்சரிக்கையே.

இவ்வழக்கம் நேற்று முளைத்ததன்று. அம்பத்தூரில் 1949ஆம் ஆண்டில் ஒரு சைக்கிள் தொழிற்சாலை ஏற்பட்டது. இங்கிலாந்து தேசத்து டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் கம்பெனியாருடன் கூட்டுச் சேர்ந்து அதை நிறுவியவர்கள் முருகப்பா குடும்பத்தார். 1951இல் முதல் ஹெர்க்குலிஸ் சைக்கிள் அங்கிருந்து வெளிவந்தது. டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸின் தலைவராயிருந்த ஸர் ஐவன் ஸ்டெடிபோர்டின் பெயரால் ஓர் ஆஸ்பத்திரி இன்றும் அம்பத்தூரில் இருக்கிறது. கூட்டாளியின் பெயரை லாபக் கணக்கில் எழுதியதோடு நில்லாமல் பிணி தீர்க்கும் இடத்துக்குச் சூட்டியது, அந்த உறவின் தன்மையை ஒருவாறு காட்டுகிறது. இக்குடும்பத்தாரின் தொழில் 1900ஆம் ஆண்டில் தொடங்கியது பர்மா தேசத்து மோல்மேனில். தொடங்கியவர் திவான் பகதூர் அ. மு. முருகப்பச் செட்டியார், தொழில், லேவாதேவி. ஆகவே அம்பத்தூர்ச் சைக்கிளின் மூலத்தைத் தேடிச் சென்றால், பர்மாவுக்குக் கப்பலேறிய நாட்டுக்கோட்டை நகரத்தாரிடம் போய்ச் சேர்கிறோம்.

நம் நாட்டில் நம்பிக்கையையே முதலாக வைத்து வியாபாரம் செய்தவர்களில் நகரத்தாரைப் போன்றவர் அரியர். ஒவ்வொரு கடைக்கும் ஒரு விலாசம் உண்டு. உரிமையாளரின் பெயர், அவர் தந்தை, பாட்டன் பெயர்கள் ஆகியவற்றின் முதலெழுத்துகளால் ஆனது அது. ஆகவே கடன் தவறியவன் தன் பெயரை மட்டும் கெடுத்துக்கொள்வதில்லை. பாட்டன் பெயரையும் சேர்த்துக் கெடுத்தவனாவான். செட்டிநாட்டுப் பையன் ஒருவன் கடையில் பெட்டியடிப் பையனாய்ச் சேர்ந்து, அடுத்தாளாய் உயர்ந்து, பின்னர் மேலாளாய் மூன்று வருஷத் தவணைக்குக் கடல் கடந்து செல்வான். முதலாளி காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ இருப்பார். லட்சக்கணக்கான ரூபாய் மேலாளின் கையில் இருக்கும். இத்தனைக்கும் ஆதாரம், பையனைச் சிறுவயது முதல் கண்டவர்கள் சொன்ன சொல். ஒரு கடையின் உண்டியை மற்றொரு கடை மறுபேச்சின்றி ஏற்றது. இரங்கூனில் மாதந்தோறும் கோயிலில் கூடி, தங்களுக்குள் கொடுக்கல் வாங்கலுக்குரிய வட்டியை நிர்ணயித்துக்கொண்டார்கள். 1930ஆம் ஆண்டளவில் பர்மாவில் ஆயிரத்து ஐந்நூற்றுக்கு மேற்பட்ட நகரத்தார் கடைகள் இருந்தன. ஐராவதி ஆற்றின் கழிமுகம் உலகத்தின் பெரிய நெல் வயல்களுள் ஒன்றானது அவர்கள் கொடுத்த கடனாலேயே என்பதைச் சரித்திரக்காரர் பலரும் ஒப்புவர்.

இதனோடு நிறுத்திவிட்டால் கதை இனிமையாக முடியும். ஆனால் அது முழுமையன்று. 1930இல் உலகமெங்கும் விலைவாசி வீழ்ந்தது. நெல் விலையும் வீழ்ந்தது. பர்மியக் குடியானவரால் கடனைக் கட்ட முடியவில்லை. ஈடாக வைத்த நிலங்கள் கடைகளுக்கு வந்து சேர்ந்தன. கீழ்ப் பர்மாவின் முக்கியமான பதின்மூன்று நெல் ஜில்லாக்களில், 1930இல் நூற்றுக்கு 6 பங்கு சாகுபடி நிலம் நகரத்தார் வசம் இருந்தது. 1938இல் அது நூற்றுக்கு 25 பங்காகிவிட்டது. அவர்களில் பலர் நிலத்தை விரும்பியவர் அல்லர், பணத்தையே விரும்பினர். எனினும் தன் வயலை இழந்த குடியானவனுக்கு இந்த வேறுபாட்டை யார் எடுத்துரைப்பார்? 1942இல் ஜப்பானியர் படையெடுப்பின்போது இந்தியர் பல்லாயிரவர் பர்மாவை விட்டு வெளியேறினர். 1948இல் பர்மா சுதந்தரமடைந்தபின் நிலங்கள் தேசிய உடைமையாக்கப்பட்டன. முருகப்பா குடும்பத்தார் 1930களிலேயே தம் முதலைத் தாய்நாட்டுக்குக் கொண்டுவந்திருந்தனர். அதனாற்றான் பிற்காலத்தில் அம்பத்தூர் சைக்கிள் தொழிற்சாலை சாத்தியமாயிற்று.

விலைவீழ்ச்சிக்கும் போருக்கும் நகரத்தார் காரணரல்லர். எனினும் நமக்கு ஒன்று தோன்றுகிறது. அவர்களுக்குள் இருந்த நம்பிக்கை மிக உறுதியானது. கடை கடையை நம்பியது. முதலாளி மேலாளை நம்பினார். கடன் வாங்கிய பர்மியரோ அந்த வட்டத்துக்கு வெளியிலேயே நின்றார். அவருக்குக் கடையின் கணக்குத் தெரியும், கடைக்கு அவருடைய நிலத்தின் விலை தெரியும். அதற்கு மேலான உறவு மிகச் சிலரிடத்தேதான் இருந்திருக்க வேண்டும். மூன்று வருஷத் தவணை முடிந்து ஊர் திரும்பும் மேலாளுக்கு ஐராவதிக் கரையின் குடியானவனிடம் ஆழ்ந்த பழக்கம் உண்டாவதற்கு அவகாசம் ஏது? விற்பவர்களுக்குள்ளே உள்ள உறவை வாடிக்கைக்காரரோடு உள்ள உறவாக எண்ணி மயங்கும் ஆபத்து இன்றைய சங்கங்களுக்கும் கூட்டமைப்புகளுக்கும் உண்டு.

வட்டத்துக்கு வெளியே நிற்பவர் என்றோம். நம் மாணவர்களில் பலர் அந்நிலையிலேயே இருக்கின்றனர். தந்தை கூலிக்காரர், குடும்பத்தில் பட்டம் பெற்ற முதல் ஆள், பட்டறை வைத்திருக்கும் மாமனோ கம்பெனியில் அதிகாரியான சித்தப்பாவோ கிடையாது. அப்படிப்பட்டவன் தொழில் தொடங்கிப் பேட்டையின் கதவைத் தட்டும்போது, "யார் அனுப்பினார்கள்?" என்ற கேள்வியே முதலில் எதிர்ப்படும். பரிந்துரை உள்ளே இருப்பவருக்கு வாசற்படி; வெளியே இருப்பவருக்கு அதுவே மதில். ஜாதியும் ஊரும் உறவும் பார்த்தே பெயர்கள் பரிமாறப்படும் நாட்டில், வாய்ச்சொல்லால் வளரும் வியாபாரத்தை ஒருதலையாய்ப் புகழ்ந்து எழுதுவது நேர்மையாகாது.

இதற்கு மாற்று உண்டா என்று பார்ப்போம். அமெரிக்க சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973ஆம் ஆண்டில் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில் ஒரு கணக்குத் தருகிறார். பாஸ்டன் நகருக்கு அருகிலுள்ள நியூட்டன் என்னும் ஊரில், தெரிந்தவர் மூலம் புது வேலை பெற்றவர்களை அவர் விசாரித்தார். வழிகாட்டிய நபரை அடிக்கடி சந்திப்பவர் நூற்றுக்கு 16.7, எப்போதாவது சந்திப்பவர் 55.6, அரிதாகவே சந்திப்பவர் 27.8. நெருங்கிய சிநேகிதரைவிட, அரைகுறைப் பழக்கமுள்ளவரே மிகுதியாக உதவியிருக்கிறார்கள்! காரணம் எளிது. நம் நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது நமக்கும் தெரியும். தூரத்தில் உள்ளவர் வேறு உலகத்துச் செய்தியைக் கொண்டுவருகிறார். மாமன் இல்லாத மாணவனுக்கு இஃது ஆறுதலான செய்தி. ரயிலில் எதிரே அமர்பவரும், பயிற்சிக்குப் போன பட்டறையின் மேஸ்திரியும், பழைய மாணவர் கூட்டத்தில் ஒருமுறை பேசியவரும் அவனுக்கு மாமனாகக்கூடும்.

அன்றியும், அம்பத்தூரில் பட்டறை வைத்திருப்பவர்களில் அனேகர் ஒரு காலத்தில் பெரிய தொழிற்சாலைகளில் லேத்து முன் நின்றவர்களே. அவர்களுக்கு முதல் ஆர்டரைக் கொடுத்தது பெரும்பாலும் பழைய எஜமானரே. உறவு முறையால் அன்று. பல வருஷம் அவர் கண்ணெதிரே கடைந்த இரும்பே சாட்சி சொல்லிற்று. திருமுல்லைவாயிலில் மகளிர்க்கென்றே ஒரு தொழிற்பேட்டை அமைந்திருப்பதும், அம்பத்தூர் உற்பத்தியாளர் சங்கத்தார் சென்னையில் யந்திரப் பொருட்காட்சி நடத்தி அறியாதவர் அறிந்தவரைச் சந்திக்க இடம் செய்வதும், அந்த மதிலில் வைத்த வாயில்களாகும். மத்திய சர்க்கார் 2012ஆம் ஆண்டில் பிறப்பித்த கொள்முதல் உத்தரவும் அத்தகையதே. அதன்படி சர்க்கார் ஸ்தாபனங்கள் தம் கொள்முதலில் ஒரு பங்கைக் குறு, சிறு தொழில்களிடமே செய்ய வேண்டும். 2018இல் அப்பங்கு நூற்றுக்கு 25 ஆக உயர்த்தப்பட்டது. அதற்குள் 4 பங்கு தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் நடத்தும் தொழில்களுக்கும், 3 பங்கு பெண்கள் நடத்துவனவற்றுக்கும் உரியவை. பரிந்துரைக்க ஆளில்லாதவர்க்குச் சட்டமே முதற்சொல்லைச் சொல்லவேண்டியிருக்கிறது. இரண்டாம் ஆர்டரைச் சட்டம் வாங்கித் தராது. அதற்கு மைக்ரோமீட்டர்தான் துணை.

இத்துறையில் உலவும் போலிகளையும் சிறிது கூறாமல் விடுவதற்கில்லை. 2003ஆம் ஆண்டில் பிரெடெரிக் ரைக்ஹெல்டு என்னும் அமெரிக்கர், வாடிக்கைக்காரரிடம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே என்றார்: 'எங்களை உம் நண்பருக்குப் பரிந்துரைப்பீரா? பத்துக்கு எத்தனை மார்க்?' நல்ல கேள்விதான். ஆனால் அந்த மார்க்கைக் கொண்டு சிப்பந்திகளின் சம்பளத்தை நிர்ணயிக்கத் தொடங்கியபின் நடப்பது யாது? வண்டியை மராமத்துக்கு விட்டு வீடு வந்து சேருமுன் தொலைபேசி அலறுகிறது: "சார், கம்பெனியிலிருந்து கேட்டால் பத்துக்குப் பத்து சொல்லிவிடுங்கள் சார்!" இரக்கத்தினால் நாமும் பத்து என்று சொல்லிவிடுகிறோம். அவ்வண்டிச் சாலைக்கு நம் நண்பரை அனுப்புவோமா என்பது வேறு விஷயம்.

இதனினும் கொடியது சங்கிலித் திட்டம். 'நீ மூவரைச் சேர். அம்மூவர் ஒன்பதின்மரைச் சேர்க்கட்டும். உனக்குப் பணம் கொட்டும்' என்று கூறிக் கல்லூரி மாணவரையும் வலையிற் சிக்கவைப்போர் உண்டு. ஒவ்வொருவனும் மும்மூவரைச் சேர்ப்பதாயின், பதினைந்தாம் படியில் மட்டும் ஒரு கோடியே நாற்பத்து மூன்று லட்சம் பேர் வேண்டும். சென்னை நகரமும் அதன் புறநகரங்களும் சேர்ந்தாலும் காணாது. கடைசிப் படியில் ஏறியவர் பணம் எப்பொழுதும் நஷ்டமே. 1978ஆம் ஆண்டின் பணச்சுழற்சித் திட்டத் தடைச் சட்டமும், 2021ஆம் ஆண்டின் நேரடி விற்பனை விதிகளும் இதனைத் தடை செய்கின்றன. சட்டத்தை விடுவோம். மேஸ்திரியின் பெயரைச் சொன்ன அண்ணனூர்க்காரர் அதற்குக் கூலி வாங்கவில்லை. அதனாலேயே அவர் சொல் நம்பப்பட்டது. சங்கிலித் திட்டத்தில் சேர்ந்தவன் அறைத் தோழனிடம் சொல்லும் ஒவ்வொரு சொல்லுக்கும் கமிஷன் உண்டு. தோழன் அதை அறியும் நாளில் பணத்தோடு தோழமையும் போய்விடும். திட்டத்தின் தலைவர்களுக்கு அந்தத் தோழமை ஒரு செலவுக் கணக்கிலும் வாராது.

கமிஷன் வாங்குவது எல்லாம் பாபம் என்று நாம் கூறவில்லை. மனைத் தரகருக்குக் கூலி உண்டு. எல்லாரும் அறிந்தே கொடுக்கிறார்கள். மறைத்து வாங்கும்போதுதான் பரிந்துரை விற்பனையாகிறது. வள்ளுவர் வாணிகத்தைப் பற்றிய தம் குறளைப் பொருட்பாலில் வையாமல், அறத்துப்பாலில் நடுவுநிலைமை அதிகாரத்தில் வைத்திருப்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

நம் பழைய மாணவர்களில் பலர் இன்று தொழில் நடத்துகிறார்கள். சிலர் பெரிய கம்பெனிகளில் பொருள் வாங்கும் பொறுப்பில் இருக்கிறார்கள். ஆண்டு விழாவுக்கு வரும்போது மாணவர்கள் அவர்களைச் சூழ்ந்துகொண்டு சிபார்சுக் கடிதம் கேட்பது வழக்கம். வேலையைக் கண்ணால் காணாத ஒருவனுக்குக் கடிதம் எழுதுவதில் அவர்களுக்குத் தயக்கம் இருப்பது நியாயமே. பெயர் அவர்களுடையது அல்லவா? ஆயினும் கடிதத்துக்கும் கைவிரிப்புக்கும் நடுவே ஒரு வழி உண்டு. பேட்டையில் அதைக் கையாள்வோர் இருக்கிறார்கள். புதிதாய்ப் பட்டறை வைத்த பையனைத் தமக்கு வேண்டியவரிடம் அழைத்துச் சென்று இப்படிச் சொல்வார்கள்: "இவன் வேலையை நான் பார்த்ததில்லை. அவசரமில்லாத உருப்படி ஏதாவது இருந்தால் ஐம்பது மட்டும் கொடுத்துப் பாருங்கள். தவறிப்போனால் இரும்பின் விலை என்னுடையது."